கார் பேட்டரி தானாகச் சாவதில்லை

கார் பேட்டரி வீட்டில் கைவைக்கக் கூடாத பொருள். இரண்டு மூன்று வருடம் உழைக்கும். பிறகு ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்காது. அன்று கடைக்குப் போய்ப் புதியதை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்பது கார் வைத்திருப்பவர்களிடம் ஊறிப்போன கருத்து. திருவண்ணாமலையில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. இது அக்னித் தலம், வெயில் ஊர், இந்தச் சூட்டில் எந்தப் பேட்டரியும் நிலைக்காது என்பார்கள். பேட்டரிகள் இங்கே சீக்கிரம் போய்விடுவது உண்மை. காரணம் என்று சொல்லப்படுவதுதான் முழு உண்மை அல்ல. வயதாகித் தேய்ந்துபோன பேட்டரிகளோடு, பூத்த டெர்மினலாலும் வற்றிய தண்ணீராலும் வாரக்கணக்கில் நின்றதாலும் பாழான பேட்டரிகளும் அதே பழைய பேட்டரிக் குவியலில் போய்ச் சேருகின்றன. பின்னவற்றில் பலவற்றை மாதத்துக்கு அரை மணி நேர வேலையே காப்பாற்றியிருக்கும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஈயத் தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்து மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியை 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டோன் பிளாண்டே உருவாக்கினார். கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலையை ஒழித்த மின் ஸ்டார்ட்டர், சார்லஸ் கெட்டரிங் வடிவமைப்பில் 1912-இல் காடிலாக் காரில் வந்தபோது, இந்த ஈயப் பேட்டரி காரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பெட்டியின் பொருளும் தகட்டின் உலோகக் கலவையும் அதன் பிறகு மாறியிருக்கின்றன, வேதியியல் மாறவில்லை. தலா 2.1 வோல்ட் தரும் ஆறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். மின்சாரம் வெளியே போகும்போது அமிலத்தின் கந்தகம் தகடுகளில் ஈய சல்பேட்டாகப் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து திரும்ப அமிலத்துக்குப் போகிறது. படிந்த சல்பேட் உடனே கரைக்கப்பட்டால் ஒரு கெடுதியும் இல்லை. நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் அது கட்டிப்பட்டுப் பெரிய படிகமாகி, பிறகு எந்தச் சார்ஜுக்கும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி அதோடு வேலைக்கு உதவாமல் போகிறது. பேட்டரி ‘செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் சம்பவங்களில் பல, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து முடிந்தவை.

இனி வெயிலுக்கு வருவோம். வெப்பம் பேட்டரியின் எதிரி என்பதில் சந்தேகமில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பும் தானே சார்ஜ் இறங்குவதும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையினர் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் விதி. கத்திரி வெயிலில் இந்த ஊர் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் அது 60-ஐத் தாண்டும். குளிர்நாட்டுப் பேட்டரிகளைவிட வெப்பநாட்டுப் பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று நீர்க்க வைப்பதே இதனால்தான். ஆனால் இந்த உண்மையிலிருந்து ‘கவனித்துப் பயனில்லை’ என்ற முடிவுக்கு வருவது தலைகீழான வாதம். சூட்டில் தண்ணீர் வேகமாக வற்றுகிறது, அமில ஆவி அதிகமாகக் கசிகிறது, நிற்கும் காரில் சார்ஜ் வேகமாக இறங்குகிறது. ஊட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால், திருவண்ணாமலையில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெயில் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

கைவைக்காமல் இருப்பதற்குச் சொல்லப்படும் இன்னொரு காரணம், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்ற ஸ்டிக்கர். பழைய பேட்டரிகளின் தகடுகளில் ஈயத்தோடு ஆன்டிமணி கலந்திருந்தது. அதனால் சார்ஜ் ஏறும்போது தண்ணீர் அதிகமாகப் பிரிந்து வாயுவாகப் போனது, அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இப்போது ஆன்டிமணிக்குப் பதில் கால்சியம் கலக்கிறார்கள். தண்ணீர் இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்டிக்கர் உறுதி தருவது இந்த ஒன்றுக்குத்தான். டெர்மினல் பூக்காது என்றோ, கிளாம்ப் தளராது என்றோ, ஒரு மாதம் நிறுத்திவைத்தாலும் சார்ஜ் நிற்கும் என்றோ எந்த ஸ்டிக்கரும் சொல்லவில்லை. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று விற்கப்படும் பேட்டரிகள் சிலவற்றில் மேலே ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில் மூடிகள் இருப்பதும் உண்டு. பொலேரோ, டாடா ஏஸ், பழைய அம்பாசடர் டாக்சி போன்ற வண்டிகளில் ஆறு மூடியும் வெளியே தெரியும் பேட்டரிகளை இன்னமும் பார்க்கலாம்.

பேட்டரியின் மேல் இருக்கும் சிறு கண்ணாடிக் கண்ணையும் மக்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். பச்சை தெரிந்தால் எல்லாம் சரி என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள். அந்தக் கண்ணுக்குக் கீழே இருப்பது அமிலத்தின் அடர்த்திக்கேற்ப மிதக்கும் ஒரு சிறு குண்டு. அது இருப்பது ஆறு செல்களில் ஒன்றில் மட்டும். மற்ற ஐந்து செல்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகி மொத்த வோல்டேஜ் பத்தரைக்கு இறங்கிய பேட்டரியிலும் கண் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் இந்தக் கண்ணைவிட நம்பத்தக்கது. இரவு முழுக்க நின்ற காரில், காலையில் கதவைத் திறந்து சற்று நேரம் விட்டு இரண்டு முனைகளையும் டெர்மினலில் வைத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக இருக்கிறது. 14.8-ஐத் தாண்டினால் அது பேட்டரியை வேகவைக்கிறது. குற்றம் பேட்டரியிடம் இல்லை, புதுப் பேட்டரி மாட்டினால் அதுவும் வெந்துபோகும்.

ஊருக்கே உரிய வழக்கங்களும் பேட்டரியின் ஆயுளைத் தின்கின்றன. பௌர்ணமி இரவுகளில் நகருக்குள் வண்டிகள் வர முடியாது. கார்த்திகை தீபத்தன்று இன்னும் கெடுபிடி. வேலூர் சாலை, செங்கம் சாலை, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை என எல்லாத் திசையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்துமிடங்களில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். வந்தவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் திரும்ப ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். பார்க்கிங் லைட்டை அணைக்க மறந்தால் சுமார் 2 ஆம்பியர் வீதம், ஆறு மணி நேரத்தில் 12 ஆம்பியர் மணி போய்விடும். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது. அதில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஹெட்லைட்டை விட்டுவிட்டால் மணிக்கு 9 ஆம்பியர் மணி வீதம் நான்கு மணி நேரத்தில் எல்லாமே முடிந்துவிடும். இதைவிடக் கொடுமை, வண்டியில் காத்திருக்கும் டிரைவர்களின் நிலை. எஞ்சினை அணைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் ப்ளோயரை முழு வேகத்தில் போட்டு, பாட்டும் வைத்துக்கொண்டு கண்ணயர்கிறார்கள். ப்ளோயர் மட்டும் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விடியற்காலையில் கூட்டம் கூடி வண்டியைத் தள்ளும்போது பழி பேட்டரிக்குப் போகிறது. தள்ளிக் கிளப்பிய பிறகு நேரே ஊருக்குப் போய், மறுநாள் வண்டியை அப்படியே நிறுத்திவிடுவதுதான் உண்மையான கேடு. முழுதாக இறங்கிய பேட்டரியை அன்றைக்கே சார்ஜரில் போட்டு நிரப்பினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் விட்டால் சல்பேட் இறுகிவிடும்.

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் வீட்டுப் போர்டிகோவில் உறை போட்டு நிற்கும் கார்களும் இந்த ஊரில் ஏராளம். அவற்றுக்காகப் பின்பற்றப்படும் முறை, தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து ஓடவிடுவது. இதனால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் திறனில் ஒரு பகுதியைத்தான் தருகிறது. அதிலும் எஞ்சினுக்கும் விசிறிக்கும் போனது போக மிச்சம்தான் பேட்டரிக்கு. பேட்டரி உள்வாங்கும் வேகத்துக்கும் எல்லை உண்டு. கடைசி இருபது சதவீதம் நிரம்ப மணிக்கணக்கில் ஆகும். ஐந்து நிமிடத்தில் நடப்பதெல்லாம் பெட்ரோல் வீணாவதும், சூடேறாத எஞ்சினுக்குள் ஈரம் தங்குவதும்தான். வாரம் ஒருமுறை செங்கம் சாலையிலோ போளூர் சாலையிலோ அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவருவது இந்த ஏழு நாள் ஐட்லிங்கைவிடப் பல மடங்கு மேல். அதற்கு ஆளில்லை என்றால் நெகடிவ் கிளாம்ப்பைக் கழற்றி வைப்பதே சரியான வழி. சாவி எடுத்த பிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் ஆகியவை 40 மில்லி ஆம்பியர் அளவில் இழுத்துக்கொண்டே இருந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் மணி போகும். பதினேழு பதினெட்டு நாளில் சிறிய பேட்டரி பாதி காலியாகிவிடும். யாரும் எதையும் தவறாகச் செய்யாமலேயே.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்டுகொள்ளப்படாதது டெர்மினல். பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் ஒரு மூலையில், பெரும்பாலும் பாசிடிவ் பக்கம், வெள்ளையும் பச்சையும் நீலமும் கலந்த பொடி உப்புப் பூத்ததுபோல் கிளாம்ப்பைச் சுற்றி ஏறியிருக்கும். டெர்மினல் தண்டின் ஓரமாகவும் மூடி வழியாகவும் கசியும் அமில ஆவி உலோகத்தைத் தின்றதன் விளைவு இது. வெள்ளை ஈய சல்பேட். நீலப் பச்சை, கம்பியின் தாமிரம் கரைந்து வந்த தாமிர சல்பேட். இது அழுக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். அழுக்கென்றால் தோற்றத்தோடு போகும். இதுவோ தண்டுக்கும் கிளாம்ப்புக்கும் இடையில் புகுந்து மின்தடையாக நிற்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும் அந்தச் சில விநாடிகளில் 150 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டும். இடையில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். ‘டக், டக்’ என்ற சத்தத்தோடு செல்ஃப் நின்றுவிடும். பேட்டரியில் முழுச் சார்ஜ் இருக்கும்போதே இது நடக்கும். இந்நிலையில் புதுப் பேட்டரி வாங்கியவர், பழையதைக் கழற்றும்போது கடைக்காரர் கிளாம்ப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ததால்தான் வண்டி கிளம்பியது என்பதை அறிவதே இல்லை. சோதிக்க எளிய வழி உண்டு. மல்டிமீட்டரின் ஒரு முனையை டெர்மினல் தண்டின் உச்சியிலும் மறுமுனையை அதே டெர்மினலின் கிளாம்ப்பிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அங்கே தடை இருக்கிறது. பேட்டரியை மாற்றும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்பது கார் வைத்திருப்பவரின் உரிமை.

மேல் மூடியில் படியும் ஈரப் புழுதியும் இதே கூட்டைச் சேர்ந்தது. கிரிவலப் பாதைப் புழுதியும் அமில ஈரமும் கலந்து பாசிடிவுக்கும் நெகடிவுக்கும் இடையே மெல்லிய மின்பாதை ஒன்றைப் போட்டுவிடுகின்றன. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நெகடிவ் டெர்மினலில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை எந்த உலோகத்தையும் தொடாமல் பிளாஸ்டிக் மூடியின் மேல் மட்டும் நகர்த்திப் பார்த்தால் சில வோல்ட் காட்டும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் வரக் காரணமே இல்லை. வந்தால் அந்த அழுக்கின் வழியாகச் சார்ஜ் இரவும் பகலும் கசிகிறது என்று பொருள். துடைத்துக் காயவைத்த பிறகு அதே இடத்தில் முள் அசையாது. ஆயுத பூஜையன்று பேட்டரியின் தலையில் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே குழைத்த சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பொட்டை முன்பக்கச் சுவரில் வைத்தால் பூஜைக்கும் குறைவில்லை, பேட்டரிக்கும் கேடில்லை. ஆனால் பானெட்டைத் திறந்து வைத்துப் பேட்டரிக்கு அருகே கற்பூரம் காட்டவே கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

சுத்தம் செய்யும் முறையில் வீட்டில் இல்லாத பொருள் எதுவும் தேவையில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கையிலுள்ள மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி வைத்த பிறகே தொடங்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 10 எண் ஸ்பேனர் கிளாம்ப்பைத் தளர்த்தும். முதலில் கழற்ற வேண்டியது நெகடிவ். காரின் உடல் முழுவதும் நெகடிவோடு இணைந்திருக்கிறது. பாசிடிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் உடலில் பட்டால் பெரும் பொறி தெறிக்கும். நெகடிவை எடுத்துவிட்டால் அந்த ஆபத்தே இல்லை. திரும்ப மாட்டும்போது முறை மாறும், பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். கழற்றுவதற்குமுன் அந்தக் காரில் ரேடியோவுக்குக் கோட் தேவையா, கண்ணாடி தானே ஏறும் வசதியை மறுபடி பழக்க வேண்டுமா என்று கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பொடியை நீக்க ஆப்பசோடாதான் மருந்து. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலந்து, மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்க்க வேண்டும். நுரை பொங்கும், சோடா அமிலத்தை முறிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவருவதுதான் அது. நுரை அடங்கும்வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, கிளாம்ப்பின் உள்வட்டத்தையும் தண்டையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உரசி, நன்றாகக் காயவிட வேண்டும். ஒரு துளி சோடாக் கரைசல்கூட செல்லுக்குள் போகக் கூடாது. போனால் உள்ளே இருக்கும் அமிலத்தையே அது முறித்துவிடும். தேய்த்த சோடாவின் மேல் கெட்டிலைச் சாய்த்துக் கொதிநீரைக் கொட்டும் வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. குளிர்பானத்தை ஊற்றினால் பொடி கரைகிறது என்பார்கள். கரையும், ஏனென்றால் அதுவும் அமிலம். அமிலத்தை முறிக்காமல், சர்க்கரைப் பிசுக்கையும் சேர்த்து விட்டுப் போகும். குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் டெர்மினலுக்கும் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது இதே தவறு. கிளாம்ப்பை மாட்டி, கையால் அசைத்தால் ஆடாத அளவுக்கு இறுக்கிய பிறகு, மேலே வாசலினை மெல்லப் பூசினால் ஆவி உலோகத்தைத் தொடாது. இறுக்குவதற்குமுன் உள்ளே கிரீஸை அப்புவது கூடாது; மின்சாரம் பாய வேண்டிய இடம் அது. துடைத்த துணியிலும் கழுவிய நீரிலும் ஈயம் இருக்கிறது. அதை வாசலில் கோலம் போடும் இடத்திலோ துளசி மாடத்திலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. குழந்தைகள் கைவைக்காத விதத்தில் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையின் நட்டையும் அன்றே பார்த்துவிட வேண்டும். ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டியில் தளர்ந்த பேட்டரி குதித்துக்கொண்டே இருந்தால், தகடுகளில் அப்பியிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் சேரும். ஒருநாள் அது தகடுகளை இணைத்து ஷார்ட் செய்துவிடும்.

மூடியுள்ள பேட்டரிகளில் தண்ணீர் பற்றிய தவறான எண்ணங்கள்தான் அதிகச் சேதம் விளைவிப்பவை. ‘ஆசிட் குறைந்துவிட்டது, கொஞ்சம் ஆசிட் ஊற்று’ என்ற பேச்சு சில பட்டறைகளில்கூடக் கேட்கிறது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போவது தண்ணீர் மட்டுமே; அமிலம் உள்ளேயே இருக்கிறது. குறைந்த அளவை ஆசிட்டால் நிரப்பினால் அடர்த்தி ஏறி, தகடுகளையும் நடுவே உள்ள தடுப்புகளையும் அது அரிக்கத் தொடங்கும். வண்டி கவிழ்ந்து கொட்டினாலொழிய ஆசிட் ஊற்றும் தேவை வராது. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கான தண்ணீரின் தரத்துக்கென்றே ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. அந்த அளவுக்கு இது முக்கியமான விஷயம். பாறைகளுக்கு இடையே ஊறி வரும் இந்த மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் உப்புகள் மிகுதி. குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் உண்டு. கேன் தண்ணீர் குடிக்க நல்லது, அதிலும் கரைந்த உப்புகள் மிச்சமிருக்கும். ஏசி சொட்டும் நீர் சுத்தமானது என்று பிடித்து வைப்பவர்கள், அது காயில் மேல் படிந்த தூசியையும் உலோகத் துணுக்குகளையும் கழுவிக்கொண்டு வருகிறது என்பதை நினைப்பதில்லை. இரும்பு, குளோரைடு போன்றவை தகட்டைச் சேர்ந்தால் சார்ஜ் தானே இறங்கும் வேகம் கூடும். ஒருமுறை உள்ளே போனதை வெளியே எடுக்க வழியில்லை. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில், கோடு இல்லாத பேட்டரியில் தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, தண்ணீர் நிற்க வேண்டும். கழுத்துவரை நிரப்பினால் சூட்டில் விரிந்து மூடி வழியே வழியும். பூப்பதன் பாதிக் காரணம் இதுதான். சார்ஜ் ஏறிய பிறகே நிரப்ப வேண்டும்; தகடு வெளியே தெரியும் அளவு வற்றியிருந்தால் மட்டும், அது மூழ்கும் வரை முன்பே ஊற்றலாம்.

‘ஆசிட் சமாச்சாரம், மெக்கானிக் பார்க்கட்டும்’ என்ற பயம் எஞ்சியிருக்கிறது. ஆசிட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த எச்சரிக்கையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடுதான் வேலை செய்ய வேண்டும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, கண்ணாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனாலும் இந்த வேலை சாதாரண வீட்டாருக்கு முடியாத வேலை அல்ல. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே நாளின் பாதியளவுக்கு மின்வெட்டு நீடித்தபோது, தமிழ்நாட்டில் வீடுதோறும் இன்வெர்ட்டர் பேட்டரிகள் வந்தன. கார் பேட்டரியைவிடப் பல மடங்கு கனமான அவற்றுக்கு மாதந்தோறும் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவர்கள் மெக்கானிக்குகள் அல்ல. வீட்டில் இருந்தவர்கள்தான். படிக்கட்டுக்கு அடியில் செய்ய முடிந்த வேலை பானெட்டுக்குள் முடியாமல் போவதற்குக் காரணமே இல்லை. வீட்டில் சார்ஜர் வைத்துக்கொள்பவர் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 35 ஆம்பியர் மணிக்கு 3.5 ஆம்பியரில், காற்றோட்டமான இடத்தில் மெதுவாக ஏற்றலாம். அவசரத்துக்குக் கடையில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தரும் ‘பூஸ்ட்’ சார்ஜ் தகடுகளைச் சூடேற்றி வளைக்கும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பாலிப்ரோப்பிலீன் பெட்டிக்கு அது பொருந்தாது.

கடைக்காரர் சொல்வது சரியாகும் இடங்களும் உண்டு. பக்கவாட்டில் உப்பிய பேட்டரி, விரிசல் விட்ட பேட்டரி, முழு இரவு சார்ஜ் ஏற்றியும் பத்தரை வோல்ட்டுக்கு மேல் ஏறாத பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழும் பேட்டரி ஆகியவற்றை எந்தச் சோடாவும் மீட்காது. முழுவதும் அடைத்து வந்த பேட்டரியின் மூடியைக் குத்தித் திறப்பதும் கூடாது. சிக்னலில் தானே எஞ்சின் நிற்கும் வசதியுள்ள கார்களில் அதற்கென்று செய்த பேட்டரி இருக்கிறது. விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியை அங்கே மாட்டினால் அது தாங்காது. அத்தகைய கார்களில் நெகடிவ் டெர்மினலோடு ஒட்டிய சென்சார் இருந்தால், அதை இழுக்காமல் கையாள வேண்டும். உத்தரவாத காலத்துக்குள் கெட்டால் பில்லும் உத்தரவாத அட்டையும்தான் துணை. உத்தரவாதத்தின் பிற்பாதி பெரும்பாலும் விகிதாசாரத் தள்ளுபடிதான் என்பதை வாங்கும்போதே படித்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியை முன்கூட்டியே தூக்கிப்போடுவதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஈயத்தால் வருவது. ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின், ஏறக்குறைய 80 கோடிப் பேரின், ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்று 2020-இல் யூனிசெஃப்பும் ப்யூர் எர்த்தும் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. முறையின்றிப் பழைய பேட்டரிகளை உருக்குவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டுகிறது. இரண்டாவது வருடத்தில் வீணாகக் கழற்றப்படும் ஒவ்வொரு பேட்டரியும் அந்த உலைகளுக்கான சரக்கைப் பெருக்குகிறது. 2001-இல் வந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக இந்தியாவில் 2022 ஆகஸ்ட்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்கள்மேல் வைத்தன. ஆகவே பேட்டரி உண்மையிலேயே முடிந்துபோனபோது அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடக் கூடாது. அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுப்பதும் கூடாது. நிமிர்த்தியே எடுத்துப் போய், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, எக்ஸ்சேஞ்ச் விலையைக் கழித்துப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.